ஓசியில் ஒரு உருப்படியான கம்ப்யூட்டர்!

எங்கள் சாகுபுரத்தில் காஸ்டிக் சோடா தயாரிக்கிறார்கள். ஆனால் நண்பர்கள் சிலரின் கம்ப்யூட்டரில் குடியிருக்கும் வைரஸ், அதை ஊற்றினாலும் போகாது! காரணம், 'கிராக்' செய்த திருட்டு சாஃப்ட்வேர். பூட்டை உடைத்தவன் சும்மா போவானா? பாஸ்வேர்டு திருடும் புரோகிராமையும் உள்ளே வைத்துவிட்டுப் போகலாம். சம்பளம் பாங்க்கில் இருக்கிறது சார், ஜாக்கிரதை!

முறைப்படியே இலவசமாகக் கிடைக்கும்போது திருடுவானேன்?

கடிதம், கணக்குக்கு லிப்ரே ஆபீஸ். 2010-ல் ஓப்பன் ஆபீஸிலிருந்து தனிக்குடித்தனம் வந்தது. பி.காம். படித்த நான் வீட்டுக் கணக்கு எழுதுவது இதில்தான். எக்செல் ஃபைலும் திறக்கும். மேக்ரோ மட்டும் சில சமயம் முரண்டு பிடிக்கும்.

சினிமா பார்க்க வி.எல்.சி. 1996-ல் பிரெஞ்சு காலேஜ் மாணவர்கள் ஆரம்பித்தது. போட்டோவுக்கு ஜிம்ப். தமிழில் டைப் அடிக்க எ-கலப்பை, அழகி. இங்கிலீஷ் எழுத்தில் 'அம்மா' என்று தட்டினால் தமிழில் வந்து நிற்பாள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதற்காகப் பழைய மெஷினை எடைக்குப் போடாதீர்கள். லினக்ஸ் மின்ட்டை முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால், ஃபைல்களை வேறிடத்தில் காப்பி எடுத்துக்கொண்டு இன்ஸ்டால் செய்யுங்கள்.

ஒரே நிபந்தனை: தயாரித்தவர்களின் சொந்த வெப்சைட்டிலிருந்து மட்டும் இறக்குங்கள். கண்ட விளம்பரத்தைத் தட்டினால், வைரஸும் இலவசம்!