இராப்போக்குவரத்தும் கைத்தொலைபேசியும்

பல்கலைக்கழக வாழ்வு மாலையோடு முடிவதன்று. ஆய்வுகூடத்திலே தொடங்கிய பரிசோதனை சிலவேளை நள்ளிரவு கடந்தும் நீளும்; பரீட்சைக் காலத்தில் நூல்நிலையங்களின் விளக்குகள் விடியுமட்டும் எரியும். இங்ஙனம் அகாலத்தில் வெளியேறும் மாணவரை இருப்பிடம் சேர்ப்பித்தற்பொருட்டு, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல ஷட்டில் எனப்படும் சிறு பஸ் வண்டிகளை இரவில் ஓட்டிவருகின்றன. மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் ‘சேஃப்றைட்’ வண்டிகள் சாள்ஸ் ஆற்றைக் கடந்து பொஸ்ரன் நகரத்து மாணவர் இல்லங்கள் வரை செல்வன. மாணவரின் பாதுகாப்புக் குறித்து அந்நாட்டில் எழுந்த கவலைக்குச் சான்று 1990 ஆம் ஆண்டின் கிளெறிச் சட்டம். 1986 இல் லீஹாய்ப் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி தன் விடுதியறையிலேயே கொலையுண்டதன் பின் எழுந்த அச்சட்டம், வளாகக் குற்றங்களின் விபரத்தை ஆண்டுதோறும் வெளியிடும் கடப்பாட்டை உயர்கல்வி நிலையங்கள்மீது சுமத்தியது.

இத்தகைய இராவண்டிச் சேவைக்குத் துணையாகக் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றை அமைக்கப் புகுவோர் முதற்கண் ஆராயவேண்டியது, இடர் எவ்விடத்தில் உள்ளது என்பதே. வண்டியினுள்ளே வெளிச்சம் உண்டு, சாரதி உண்டு, உடன் செல்வோரும் பெரும்பாலும் உளர். பயணத்தின் இரு முனைகளே அஞ்சத்தக்கன: வண்டி வருமட்டும் தரிப்பிடத்தில் தனித்து நிற்கும் நேரம் ஒன்று, இறங்கிய இடத்திலிருந்து வாயிற்கதவு வரை நடக்கும் தூரம் மற்றொன்று. வண்டி ஓடும் பாதையை அழகிய படமாக வரைந்து காட்டுவதோடு அமையும் செயலி, காவல் குறைவாக வேண்டிய இடத்துக்கே காவல் செய்கின்றது.

காத்திருக்கும் நேரத்தைச் செயலி எவ்வாறு குறைக்கும்? பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளுள் நான்கிலிருந்தேனும் வரும் சமிக்ஞைகளைக் கொண்டு, வண்டியிலுள்ள கருவி தன் இருப்பிடத்தைக் கணிக்கின்றது. திறந்த வானத்தின்கீழ் இக்கணிப்பிற் பிழை ஏறத்தாழ 5 மீற்றர். உயர்ந்த கட்டடங்களிடையே சமிக்ஞை தெறித்துத் திரும்புதலால் பிழை பெருகும். கணித்த இடம் தொலைபேசி வலையமைப்பு வழியாக நடுநிலையக் கணினிக்குச் சென்று, அங்கே ‘வண்டி இன்னும் 6 நிமிடத்தில் வரும்’ என்னும் முன்னறிவிப்பாக மாறுகின்றது. இதனால் வண்டி விரைந்து வருவதில்லை. காத்திருக்கும் இடமே மாறுகின்றது. இருண்ட தெருவில் நிற்கவேண்டிய மாணவி, வெளிச்சமும் ஆளும் உள்ள நூல்நிலைய வாயிலில் நின்று இறுதி நிமிடத்தில் வெளிப்படலாம்.

இது வெறும் ஊகமன்று. சியாற்றில் நகரத்து வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த பிரயன் ஃபெரிஸ் என்பவர் 2008 இல் ‘வன்பஸ்அவே’ என்னும் பெயரால் இத்தகைய அறிவிப்பு முறையொன்றைத் தொடக்கினார். அதனைப் பயன்படுத்துவோரிடம் நடத்திய கேள்வியாய்வு 2010 இல் வெளியாயிற்று. விடையளித்தோரில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் முன்னையிலும் பாதுகாப்பாக உணர்வதாகக் கூறினர். அவ்வுணர்வு பெண்களிடையே மிகுந்திருந்தது. எஞ்சிய பெரும்பான்மையோர் வேறுபாடு காணவில்லை என்பதையும் மறைத்தல் தகாது.

எனினும் பொய்யான அறிவிப்பு, அறிவிப்பே இல்லாமையினும் தீது. வண்டியின் கருவி ஓய்ந்துவிட்டபோதும் கால அட்டவணையைக் கொண்டு ‘2 நிமிடம்’ என்று செயலி காட்டுமாயின், அதை நம்பி இருளில் இறங்கியவள் அரைமணி நேரம் நிற்க நேரும். ஆதலின், வண்டியிலிருந்து இறுதியாகச் செய்தி கிடைத்தது எப்பொழுது என்பதும் திரையிலே தோன்றவேண்டும். செயலி அமைப்போர் பலர் சிவப்பு நிற அபாயப் பொத்தானில் மோகங்கொள்வர். அதனை அழுத்தினால் மறுமுனையில் விழித்திருப்பவர் யார் என்று துணியாதவரை அது வெறும் சித்திரமே.

வந்து நிற்பது உரிய வண்டிதானா என்பது அடுத்த ஐயம். 2019 மார்ச்சு மாதத்தில், தென் கரோலைனா மாநிலத்துக் கொலம்பியா நகரிலே, தான் அழைத்த ஊபர் வண்டியென மயங்கி வேறொரு காரில் ஏறிய மாணவி கொலையுண்டாள். வாடகைக் கார்கள் தம் பதிவிலக்கத்தை முன்புறத்திலும் காட்டவேண்டுமென அவ்வாண்டிலேயே அம்மாநிலம் சட்டமியற்றியது. வண்டியின் இலக்கத்தையும் நிறத்தையும் பெரிய எழுத்திற் காட்டுதல் செயலிக்கு எளிது. பயணி தன் பெயரைத் தானே கூறாது, ‘யாரை ஏற்ற வந்தீர்?’ எனச் சாரதியை வினவுதலே முறை. பெயரைக் கேட்டபின் ‘ஆம்’ என்று தலையசைத்தல் எவர்க்கும் இயலும்.

இறங்கும் முனைக்கு வழிகாட்டியது ரொறன்ரோ நகரம். அங்கே 1991 இல், இரவு 9 மணிக்குப் பின் தனித்துச் செல்லும் பெண்கள் இரு தரிப்பிடங்களுக்கு இடையே தம் வீட்டை அண்மிய இடத்தில் பஸ்ஸை நிறுத்தி இறங்கலாமென்னும் ஏற்பாடு வந்தது. பிற்காலத்தில் அது யாவர்க்கும் உரியதாயிற்று. அதற்குக் கணினி எதுவும் வேண்டியிருக்கவில்லை. இறங்குமிடத்தை முன்கூட்டியே குறித்தறிவிக்கச் செயலி உதவும். ஆயின் கதவு திறக்குமட்டும் முகப்பு விளக்கை எரியவிட்டு நிற்றல் சாரதியின் கையிலேயே உள்ளது.

திரை ஒளி மங்கியிருத்தல் நன்று. இருளுக்குக் கண் முற்றும் பழகுதற்கு 20 முதல் 30 நிமிடம் செல்லும். ஒளிமிக்க திரையை நோக்கியவர்க்குப் பக்கத்தே நிற்பவரும் புலப்படார். மின்கலம் வற்றியவருக்கும் வண்டி நிற்கவேண்டுமென்பது சொல்லாமலே அமையும்.

எஞ்சியிருப்பது எளிதிற் புலப்படாத அபாயம். ஒருத்தி எந்நேரம் எங்கே ஏறி எங்கே இறங்குகின்றாள் என்னும் குறிப்பு, தீயோன் கைக்குச் செல்லின், அவள் வீட்டுக்கு வழிகாட்டும். நியூ யோர்க் நகரத்து வாடகைக் கார்களின் 2013 ஆம் ஆண்டுப் பயணக்குறிப்புகள், ஏறத்தாழ 17.3 கோடி, அடையாளம் மறைக்கப்பட்டனவாக 2014 இல் வெளிவந்தபோது, கணினி வல்லார் அம்மறைப்பை விரைவில் அவிழ்த்துவிட்டனர். ஆகவே, தோழியொருத்திக்குத் தன் பயணத்தைக் காட்ட மாணவி இசைந்தால், அவ்விசைவு வீடு சேர்ந்தவுடன் தானே முடிவுறல் வேண்டும். அடுத்த தவணைக்கு எத்தனை வண்டிகள் தேவையென்று நிருவாகம் கணக்கிடுதற்குத் தரிப்பிடந்தோறும் ஏறியோர் தொகையே போதும், பெயர்கள் வேண்டியதில்லை.