சுகாதார நிதி ஏழையைச் சென்றடைகிறதா?

‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ என்று தமிழ்ப்பள்ளியிலேயே மனனம் செய்துவிட்டோம். அந்தச் செல்வத்தைக் காக்க அரசாங்கம் ஒதுக்கும் பணம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று நாம் அதிகம் கேட்பதில்லை.

வளரும் நாடுகள் பலவற்றில் சுகாதார நிதியின் பெரும்பங்கு நகரத்துப் பெரிய மருத்துவமனைகளுக்கே செல்கிறது. அங்கே சிகிச்சை இலவசமாகவே இருக்கலாம். ஆனால் கிராமத்து ஏழைக்குப் பேருந்துக் கட்டணம் வேண்டும். அன்றைய கூலியும் போய்விடும். ஆகவே நோய் முற்றிய பிறகே அவர் வருகிறார். அருகில் வாழும் வசதி படைத்தவரே அந்த இலவசத்தை அதிகம் அனுபவிக்கிறார்.

இதை மாற்ற முடியும் என்பதற்கு நம் அண்டை நாடான தாய்லாந்து நல்ல சான்று. 1982 முதல் 1986 வரையிலான ஐந்தாண்டுத் திட்டத்தின்போது, நகர மருத்துவமனைகளுக்கான புதிய முதலீட்டை அந்நாடு நிறுத்திவைத்தது. அப்பணத்தை மாவட்ட மருத்துவமனைகளுக்கும் கிராமச் சுகாதார நிலையங்களுக்கும் திருப்பிவிட்டது. புதிதாகப் பட்டம் பெற்ற மருத்துவர்களும் கிராமப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

இந்த அடித்தளத்தின் மேல்தான் 2001-ஆம் ஆண்டு ‘30 பாட்’ திட்டம் எழுந்தது. 1997-ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பாதிப்பு முழுமையாக நீங்காத காலம் அது. வேறு காப்புறுதி இல்லாத எவரும் ஒருமுறை சிகிச்சைக்கு 30 பாட் செலுத்தினால் போதும். ஏழைகளுக்கு அதுவும் இல்லை. 2002-இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

நிதி பங்கிடும் முறையும் மாறியது. முன்பு கட்டடமும் ஊழியரும் அதிகமுள்ள மருத்துவமனைக்கு அதிகப் பணம் சென்றது. புதிய திட்டத்தில், 2002-இல் தலைக்கு 1,202 பாட் என்று கணக்கிடப்பட்டது. மக்கள் மிகுந்தும் மருத்துவர் குறைந்தும் இருந்த வடகிழக்குப் பகுதிக்கு இதனால் கூடுதல் பங்கு கிடைத்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. நகர மருத்துவமனைகள் நிதிப் பற்றாக்குறையால் திணறின; மருத்துவர் சிலர் தனியார் துறைக்குச் சென்றனர். எனினும், மருத்துவச் செலவால் வறுமையில் விழும் குடும்பங்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

நம் நாட்டு அரசாங்கக் கிளினிக்கிலும் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். அந்தக் கிளினிக் நடந்து போகும் தூரத்தில் இல்லையென்றால், போய்வரும் செலவே அந்த ஒரு ரிங்கிட்டைப் பன்மடங்கு மிஞ்சிவிடும். அடுத்த வரவு செலவுத் திட்டம் அறிவிக்கப்படும்போது, சுகாதாரத்துக்கு எத்தனை பில்லியன் என்பதோடு நின்றுவிடாமல், அதில் எவ்வளவு சிற்றூர்க் கிளினிக்குகளுக்குச் செல்கிறது என்றும் பார்ப்போமே.