ஸ்டால் எண்ணைக் கேட்காதீர்கள், வண்டியைச் சொல்லுங்கள்

ஆக்லாந்தின் மேற்கே, கிளென் ஈடனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடையது 2001-ஆம் ஆண்டு ஹோல்டன் கொமடோர் எஸ்எஸ். 5.7 லிட்டர் வி8 எஞ்சின், நாலு கியர் ஆட்டோமேட்டிக். சென்ற வாரம் நாம் பேசியதுபோல மிதமான கேம்ஷாஃப்ட் ஒன்றை ஏற்கெனவே போட்டுவிட்டார். “சிக்னல்ல இருந்து எழும்பும்போது வண்டி சோம்புது அண்ணா. 3500 ஸ்டால் கன்வெர்ட்டர் வாங்கிடவா?” என்கிறார். தினமும் வேலைக்குப் போவதும் இதே வண்டியில்தான்.

வேண்டாம் தம்பி. ஏன் என்று சொல்கிறேன்.

டார்க் கன்வெர்ட்டருக்குள் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் பம்ப், எண்ணெயை டர்பைன் மேல் வீசுகிறது. டர்பைன் கியர்பாக்ஸைச் சுழற்றுகிறது. திரும்பி வரும் எண்ணெயை நடுவில் இருக்கும் ஸ்டேட்டர் சரியான கோணத்தில் பம்புக்கே திருப்பிவிடுகிறது. வண்டி நிற்கும் நிலையிலிருந்து கிளம்பும்போது எஞ்சினின் முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காவது இந்த ஸ்டேட்டரால்தான். ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியர் 1905-இல் இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றபோது, நீராவி டர்பைனைக் கப்பலின் புரொபெல்லரோடு இணைப்பதே நோக்கம். காருக்கு இது பெரிய அளவில் வந்தது 1948-இல், பியூக் நிறுவனத்தின் டைனாஃப்ளோ கியர்பாக்ஸில்.

டர்பைன் அசையாமல் நிற்க, முழு ஆக்ஸிலேட்டரில் எஞ்சின் எட்டக்கூடிய உச்ச வேகம்தான் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) ஸ்டால். பலர் இதைக் கன்வெர்ட்டரின் குணம் என்று நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. அந்த எண்ணை எஞ்சினும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. முறுக்குவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஸ்டால் ஏறும், இறங்கும். இவருடைய வி8 தரும் உச்சம் 460 நியூட்டன் மீட்டர். அதன் பின்னால் 3000 காட்டும் கன்வெர்ட்டரை, 305 நியூட்டன் மீட்டர் தரும் அதே கொமடோரின் 3.8 லிட்டர் வி6-க்குப் போட்டால் சுமார் 2450-தான் வரும். “என் நண்பன் வண்டியில 3000, சூப்பரா இருக்கு” என்று கேட்டு வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இதே கணக்கு ஒரு பயத்தையும் போக்கும். 3000 ஸ்டால் என்றால் 3000 வரும்வரை வண்டி நகராது என்பார்கள். அப்படியில்லை. ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தி எஞ்சினிடம் கால்பங்கு முறுக்குவிசை மட்டும் வாங்கும்போது, அதே கன்வெர்ட்டர் 1500-இலேயே பிடித்துக்கொள்ளும்.

விட்டம் குறைந்தால் ஸ்டால் வேகமாக உயரும். எண்ணெய் கடத்தும் முறுக்குவிசை விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் மாறுவதே காரணம். 12 அங்குலத்திலிருந்து 10 அங்குலத்துக்கு இறங்கினால், பிளேடுகளின் வடிவம் மாறாத நிலையில், 1800 இருந்த ஸ்டால் 2800-ஐத் தாண்டும். அங்குலம் அங்குலமாக இஷ்டத்துக்குக் குறைக்கும் விஷயமல்ல இது.

இனி இவருடைய பாதை. பின் ஆக்ஸில் விகிதம் 3.08, டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிளென் ஈடன் தெருக்களில் 50 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாம் கியரில் எஞ்சினுக்குத் தேவை 1300 சுற்றுதான். நெடுஞ்சாலையில் 100-இல், நான்காம் கியரில், 1800. ஆக அன்றாட ஓட்டம் முழுவதும் 3500-க்கு வெகு கீழேயே நடக்கும். பம்பையும் டர்பைனையும் நேராகப் பூட்டும் லாக்-அப் பிடிக்காதபோதெல்லாம் கன்வெர்ட்டர் வழுக்கும், பெட்ரோல் குடிக்கும், எண்ணெயைக் காய்ச்சும். வெஸ்ட் கோஸ்ட் ரோட்டில் ஒராஷியா தாண்டி வையாடருவாவுக்கு ஏறிப் பாருங்கள். வளைவுக்கு வளைவு வேகம் குறைந்து கூடும் அந்த ஏற்றத்தில் லாக்-அப் பிடிக்கவே வாய்ப்புக் குறைவு.

சூட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பிரேக்கை மிதித்தபடி 2500 சுற்றில் 400 நியூட்டன் மீட்டரைக் கொடுத்தால், 100 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சக்தி முழுவதும் எண்ணெயில் வெப்பமாக இறங்குகிறது. சில விநாடிகளுக்கு மேல் இதைச் செய்யவே கூடாது. ஆஸ்திரேலியக் கொமடோர் தயாரிப்பும் 2017-இல் நின்றுவிட்டது. கருகிய கியர்பாக்ஸுக்கு மாற்று தேடுவது வருடத்துக்கு வருடம் கடினமாகப் போகிறது. ஆகவே கன்வெர்ட்டருக்கு முன்னால் தனி ஆயில் கூலரும் வெப்பமானியும் வாங்குங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்த வண்டிக்கு என் தேர்வு: லாக்-அப் உள்ள, 2600 முதல் 2800 வரை ஸ்டால் வரும் கன்வெர்ட்டர். கேம்ஷாஃப்ட் உயிர்பெறும் இடத்தில் எஞ்சினைக் கொண்டுபோய் நிறுத்த அது போதும். ஆர்டர் கொடுக்கும்போது எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். வண்டியின் எடை, கேம்ஷாஃப்ட் விவரம், ஆக்ஸில் விகிதம், டயர் அளவு, தினமும் ஓட்டும் விதம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். இவற்றைக் கேட்காமலே விற்க வருகிறவரிடம் வாங்காதீர்கள். பழைய கன்வெர்ட்டரும் வேண்டாம். முந்தைய கியர்பாக்ஸின் உலோகத்தூள் உள்ளே தங்கியிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. மாட்டிய பிறகு லாக்-அப் பிடிக்கும் வேகத்தையும் கியர் மாறும் வேகத்தையும் கணினியில் திருத்த வேண்டும். சோதிக்க ஆசை வந்தால் மெரிமெரி டிராக்ஸ்டிரிப் இருக்கிறது. தெருவில் வேண்டாம்: தெருப் பந்தயத்துக்கு எதிராக நியூசிலாந்து 2003-இலேயே சட்டம் போட்டுவிட்டது.

மாட்டும்போது ஒன்றே ஒன்று. கன்வெர்ட்டருக்குள் ஒரு லிட்டர் எண்ணெய் ஊற்றி, சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளுங்கள். கியர்பாக்ஸின் எண்ணெய் பம்பில் அது முழுதாக உட்கார்ந்திருந்தால், எஞ்சினோடு கியர்பாக்ஸைச் சேர்த்த பிறகும் எஞ்சினின் ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவே சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். இடைவெளியே இல்லை என்றால் போல்ட்டைப் போட்டு இழுக்காதீர்கள், பம்ப் உடையும். கியர்பாக்ஸை இறக்கி மறுபடி ஏற்றுங்கள்.

(தொடரும்)