பழைய கட்சியும் புதிய கடமையும்

அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் குவார்ட்டர்பேக் என்பவரே கட்சியின் தளகர்த்தர். டாம் பிரேடி 20 வருஷம் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் கட்சியில் ஆடி, 6 முறை சாம்பியன் பட்டம் தேடித் தந்தார். ஒப்பந்தம் முடிந்ததும், 2020-ல் டாம்பா பே கட்சியில் சேர்ந்தார். 2021 அக்டோபர் 3-ந் தேதி பழைய மைதானத்தில் பழைய தோழர்களை எதிர்த்து நின்றபோது, கொண்டாடிய ஜனங்களே கூச்சலிட்டு இகழ்ந்தார்கள். அவர் வீசிய 43 பந்துகளில் 22 மட்டுமே தோழர் கை சேர்ந்தன. கடைசி நிமிஷத்தில் எதிர்க்கட்சியார் உதைத்த பந்து கம்பத்தில் மோதியதால், 19-க்கு 17 என்று ஜயம் கிட்டிற்று. எதிரியின் பலத்தை அளக்கலாம். பழைய பாசத்தின் பாரத்தை அளப்பது எங்ஙனம்? எனினும் செஞ்சோற்றுக் கடன் தீர்ப்பது துரோகமாகாது என்பதே நமது அபிப்பிராயம். 2024-ல் அதே மைதானத்தில் அவருக்கு விழா எடுத்த ஜனங்களும் இதை ஒப்புக்கொண்டார்களென்றே கருதுகிறோம்.