உடைஞ்ச ஆக்ஸிலுக்கு வெல்டு வைக்கலாமா?

சோழவரம் ஓடுதளத்துல ஃபியட்டுகள் சீறின காலத்து வண்டிங்க என்னோடது. டிராக் ஓட்டப் பழகறப்போ கிளட்ச்சை விட்டதும் 'டப்'புனு ஒரு சத்தம். எஞ்சின் உறுமுது, வண்டி நகரல. பின்னாடி ஒரு ஆக்ஸில் ஷாஃப்ட் உடைஞ்சிருச்சு. இன்னொரு பக்கம் தள்ளக்கூடாதான்னா, தள்ளாது. சாதாரண டிஃபரன்ஷியல், தடையில்லாத பக்கத்தையே சும்மா சுத்தவிடும்.

எஞ்சின் டார்க் 80 நியூட்டன் மீட்டர்னு வெச்சுக்கோங்க. முதல் கியர்ல 4 மடங்கு, டிஃபரன்ஷியல்ல இன்னொரு 4 மடங்கு: 1280. ரெண்டா பங்கு போட்டாலும் ஷாஃப்ட்டுக்கு 640. அகல டயர் போட்டது நான்தான். டயர் வழுக்கியிருந்தா ஷாஃப்ட் தப்பிச்சிருக்கும்.

திருப்பூர்ல நிட்டிங் மெஷின் பாகம் கடையற லேத் அண்ணன், "வெல்டு வெச்சுத் தரட்டுங்களா?"ன்னார். வேண்டாங்கண்ணான்னேன். அந்தச் சூட்டுல இரும்போட பதம் கெட்டுடும். இதுல சக்கரமும் ஷாஃப்ட்லதான் நிக்குது. மறுபடி உடைஞ்சா சக்கரமே கழண்டு ஓடலாம். புதுசா கடைஞ்சு, ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குக் கோயம்புத்தூர் அனுப்பியிருக்கோம். நான் ஹவுசிங்கை டீசல்ல கழுவிட்டிருக்கேன். ஒரு இரும்புத் துணுக்கு உள்ள தங்கினாலும் கிரவுன் பினியன் காலி.