சோற்றுக்கு முந்திய மாத்திரை

ஆற்றங்கரை அடுப்படி – 17

ஆடி அமாவாசைக் காலையில் குறுக்குத்துறையிலோ பாபநாசத்திலோ படித்துறைப் பக்கம் போய் நின்று பாருங்கள். ஆற்றில் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைக்கிறவர்களில் வயதானவர்கள் நிறைய. அவர்களில் பலர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். விடிந்ததும் மாத்திரை போடுவது கைப்பழக்கம், போட்டுவிட்டார்கள். தர்ப்பணம் முடித்து வீட்டில் படைக்கிற வரை எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது தலைமுறை வழக்கம்; அதையும் விடவில்லை. வீடு வந்து சேரும்போது வாழைக்காயும் புடலங்காயும் அப்போதுதான் அடுப்பில் ஏறியிருக்கும். சமையல் முடிந்து, படைத்து, காக்கைக்கு வைத்து, அது வந்து எடுத்த பிறகு இலை போட மணி ஒன்றாகிவிடும்.

பதினொன்றரை மணிவாக்கில் அப்படி ஒருவருக்கு உடம்பெல்லாம் குப்பென்று வியர்க்கிறது. நெஞ்சு படபடக்கிறது. செம்பைப் பிடித்த கை நடுங்குகிறது.

“என்ன, ஒரு மாதிரியா இருக்கீங்க?”

“ஒண்ணுமில்ல, வெயில்ல நின்னது. கொஞ்சம் படுக்கேன்.”

“சரி, படுங்க. இலை போட்டதும் எழுப்புதேன்.”

இந்தப் பேச்சு நம் பக்கத்து வீடுகளுக்குப் புதிதல்ல. படுத்தவர் தூங்கவில்லை, மயக்கத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறார் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை. அடுப்பங்கரைக்கும் கட்டிலுக்கும் பத்தடி தூரம். மூன்று கரண்டிச் சர்க்கரையில் தீர வேண்டிய விஷயம், ஆஸ்பத்திரி வரை போய்விடுகிறது.

ரத்தத்தில் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது ‘லோ சுகர்’. 54-க்கும் கீழே போனால் மூளை தடுமாறத் தொடங்கும். பேச்சு குழறும், கண் மங்கும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வரும், கோபம் வரும். அதற்கும் கீழே போனால் வலிப்பு, நினைவிழப்பு.

வளர்ந்த ஆள் ஒருவரின் மொத்த ரத்தத்திலும் கரைந்திருக்கும் சர்க்கரை ஏறக்குறைய 5 கிராம்தான், ஒரு தேக்கரண்டி. மூளைக்கு மட்டும் ஒரு நாளைக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டும். அந்த ஒரு கரண்டி வற்றாமல் பார்த்துக்கொள்வது கல்லீரல். பிசான அறுப்பில் வந்த நெல்லைக் குதிரில் கொட்டி வைத்து, நாளுக்கு இத்தனை படி என்று அள்ளுவதைப் போல, சாப்பிட்டபோது வந்த சர்க்கரையைச் சேர்த்து வைத்துப் பசி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. மருந்தில்லாத ஒருவர் மத்தியானம் வரை பட்டினி கிடந்தாலும் சமாளித்துவிடுவது இதனால்தான். இன்சுலின் அந்தக் குதிரின் வாயை அடைத்துவிடும். ரத்தத்தில் இருப்பதையும் தசைக்குள் தள்ளிவிடும். சாப்பாடு உள்ளே வந்துகொண்டிருக்கும்போது அது சரி. வராதபோது அந்த ஒரு கரண்டியும் காலி.

இன்சுலினை முதன்முதலாக நோயாளிக்குப் போட்டது 1922-இல், கனடாவின் டொரன்டோ நகரில். மருந்தின் வீரியத்தை அளக்க அப்போது கருவி கிடையாது. பட்டினி போட்ட முயலுக்கு ஊசி போட்டு, வலிப்பு வரும் அளவுக்குச் சர்க்கரையை இறக்க எவ்வளவு மருந்து வேண்டுமோ, அதையே ஒரு யூனிட் என்று கணக்கு வைத்தார்கள். வலிப்பு வந்த முயலுக்குக் குளுக்கோஸ் கொடுத்ததும் எழுந்து உட்கார்ந்தது. பிறகு யூனிட்டின் கணக்கு மாறியது. ஆனால் மருந்தும் வெறும் வயிறும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அந்த முதல் நாட்களிலேயே தெரிந்துவிட்டது.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்று 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் வழியாகச் சர்க்கரை மாத்திரை இப்போது வீட்டு வாசலுக்கே வருகிறது. பெரிய காரியம், சந்தேகமில்லை. மாத்திரை ஒழுங்காக வந்துவிட்டது. நம் சாப்பாட்டு நேரம்தான் இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை.

எல்லா மாத்திரையும் ஒன்றல்ல. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு லோ சுகர் வருவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு என்று ‘கிளி’யில் தொடங்கும் வகை வேறு. இவை கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்கவைப்பவை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்த்துச் சுரக்கவைப்பதில்லை. இவற்றில் கிளிபென்கிளமைடு உடம்பில் நெடுநேரம் தங்கி வேலை செய்வது; 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனமே தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் குறித்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவரின் மாத்திரை அட்டையைத் திருப்பி, பின்னால் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை இன்றைக்கே படித்துப் பாருங்கள். கிளிபென்கிளமைடு என்று இருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அட்டையோடு டாக்டரிடம் போய்க் கேளுங்கள். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இந்த மருந்துகள் உடம்பைவிட்டு வெளியேறவே தாமதமாகும். அவர்களுக்கு இரட்டை ஆபத்து.

மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். சொளவை மடியில் வைத்து உட்கார்ந்தால் அன்றைய கணக்கு முடியாமல் எழுந்திருப்பதில்லை. இலையை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, வாயை மடக்கி... விரல் ஓடிக்கொண்டே இருக்கும். பசித்தால் ஒரு டீ. அந்த டீயில் இருக்கும் ஒரு கரண்டிச் சர்க்கரை கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு போடுகிற நூல் முடிச்சு விழாமல் விரல் தடுமாறினால், அது கைவலி என்று உதற வேண்டாம். சர்க்கரை இறங்குவதை உடம்பு சொல்லும் முதல் வார்த்தை அதுவாக இருக்கலாம். கணக்குக் கொடுக்க நேரமாகிவிட்டதே என்கிற கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் காலைப் பலகாரத்துக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவே சொளவை இறக்கி வைத்து, ஒரு கைப்பிடி சுண்டலோ அவித்த பயறோ சாப்பிட்டே ஆக வேண்டும்.

எதைச் சாப்பிடுவது என்பதில் நம் ஆற்றங்கரைச் சமையல் யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. தொலி உளுந்து போட்டுப் பொங்கிய உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் நின்று நிதானமாகச் செரிக்கும். வெறும் வெள்ளைச் சோறும் ரசமும் போல ஏறி உடனே இறங்காது. நாலு இட்லியைப் பொடியில் தொட்டு முடிப்பதைவிட, இரண்டோ மூன்றோ இட்லியோடு பருப்பு நிறைய உள்ள சாம்பார் நல்லது. பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த சொதியும் அப்படித்தான், சோற்றைவிடக் குழம்பும் காயும் கூடுதலாக இருந்தால். பருப்பு, பயறு, காய், மீன் இவற்றில் ஏதாவது ஒன்று சோற்றோடு எப்போதும் இருக்கட்டும்.

இதைவிட முக்கியமானது, நாளுக்கு நாள் அளவும் நேரமும் பெரிதாக மாறாமல் இருப்பது. இன்றைக்குக் கல்யாண வீட்டில் மூன்று முறை சோறு, நாளைக்குப் பரிகாரமாக அரைப் பட்டினி என்றால் ஒரே அளவு மாத்திரை இரண்டு நாளுக்கும் பொருந்தாது. யாரோ சொன்னார்கள் என்று சோற்றையே நிறுத்திவிட்டு, மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே போடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு மிகவும் பயம். சோற்றைக் குறைப்பது நல்ல முடிவாகவே இருக்கலாம். ஆனால் குறைக்கும் முன்பு மருந்தைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டாக வேண்டும். பந்தியில் இடம் கிடைக்கும் முன்பே மண்டபத்து அறையில் இன்சுலின் போட்டுக்கொள்வதும் இதே வகைத் தவறு. இலையில் சோறு விழுவது நிச்சயமான பிறகு போடுங்கள்.

சர்க்கரை இறங்கிவிட்டால் என்ன கொடுப்பது? திருநெல்வேலியில் இதற்குக் கை முதலில் போவது அல்வாப் பொட்டலத்துக்கு. இனிப்புதானே என்று தோன்றும். கோதுமைப் பாலில் சீனியும் நெய்யும் ஊற்றிக் கிண்டிய பண்டம் அது. நெய் வயிற்றில் நின்றுகொண்டு சர்க்கரையை மெதுவாகத்தான் விடும். சாக்லேட்டும் அப்படித்தான். அந்த நேரத்தில் வேண்டியது தண்ணீரில் கரைத்த சர்க்கரை. 15 கிராம் குளுக்கோஸ் பொடி, இல்லாவிட்டால் மூன்று தேக்கரண்டிச் சீனி, அரை டம்ளர் தண்ணீரில். 15 நிமிஷம் பொறுத்து மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும்; இன்னும் 70-க்குக் கீழே என்றால் மறுபடியும் அதே அளவு. சரியானதும் உடனே சாப்பாடு. வீட்டில் கருவி இல்லையென்றால் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம், முதலில் சீனித் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள்.

கருப்பட்டி? உடன்குடிக் கருப்பட்டியாகவே இருந்தாலும் அதிலும் இருப்பது பெரும்பாலும் சர்க்கரைதான். தட்டிக் கரைத்துக் கொடுத்தால் வேலை செய்யும். கட்டியாக வாயில் அதக்கினால் தாமதமாகும். அதே காரணத்தால், ‘கருப்பட்டிக் காப்பி சுகரை ஏற்றாது’ என்று மற்ற நாட்களில் சொல்லிக்கொள்வதும் உண்மையல்ல. ஒரு விதிவிலக்கு உண்டு. வோக்லிபோஸ், அகார்போஸ் சாப்பிடுகிறவர்களுக்குச் சீனியும் கருப்பட்டியும் வேகமாக உதவாது; அந்த மருந்து சீனி உடைவதையே தடுக்கும். அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பொடி கட்டாயம் இருக்க வேண்டும்.

விரதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. திருச்செந்தூர் சஷ்டிக்கு ஆறு நாள் இருக்கிறவர்களும், மேலப்பாளையத்தில் ரமலான் நோன்பு வைக்கிறவர்களும் டாக்டரிடம் போக வேண்டியது விரதம் தொடங்கும் முன்பு. காலை மருந்தை மாலைக்கு மாற்றவும் அளவைக் குறைக்கவும் வழி உண்டு. விடியுமுன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது. நோன்பு நேரத்தில் விரல் குத்திச் சோதிக்கலாம். 70-க்குக் கீழே போனால் அந்த நிமிஷமே நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதே ரமலான் காலச் சர்க்கரைச் சிகிச்சைக்கான சர்வதேச வழிகாட்டுதல். நோயாளிக்கு மார்க்கம் சலுகை கொடுத்திருக்கிறது. முருகனும் மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிட என்று சொல்லவில்லை.

இராச் சாப்பாட்டை விடுவது எல்லாவற்றிலும் மோசம். இதற்கு நம் நாட்டிலேயே கொடுமையான ஒரு சாட்சி உண்டு. பிகாரின் முசாஃபர்பூர் பகுதியில் பல வருஷங்களாகக் கோடைக்காலத்தில் குழந்தைகள் அதிகாலையில் வலிப்பு வந்து இறந்துகொண்டிருந்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றே எல்லோரும் நினைத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றி ஓய்வுபெற்ற டாக்டர் டி. ஜேக்கப் ஜான் உள்ளிட்டவர்கள் போய்ப் பார்த்தபோது, சர்க்கரை அடியோடு இறங்கியிருந்தது தெரியவந்தது. லிச்சி மரத்தடியில் பகலெல்லாம் பழம் தின்றுவிட்டு, இரவு சாப்பிடாமலே தூங்கிய சவலைப் பிள்ளைகள். லிச்சியில் உள்ள ஒரு நச்சுப்பொருள், சேமிப்பு தீர்ந்தபின் உடம்பு புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதைத் தடுத்துவிட்டது. வேறு குழுக்கள் 2014-இல் செய்த பெரிய ஆய்வும் லிச்சியையும் சாப்பிடாத இரவையும்தான் சுட்டியது. 2017-இல் ‘லான்செட்’ குழும இதழில் அது வெளியானது. லிச்சி சாப்பிட்டாலும் இரவு வயிறாரச் சாப்பிட்டுப் படுத்த பிள்ளைகளுக்கு ஆபத்து குறைவாக இருந்தது. லிச்சி நம் ஊர்ப் பழமல்ல. ஆனால் வெறும் வயிற்றில் குடிக்கிற மதுவும் கல்லீரலின் சர்க்கரைத் தயாரிப்பைத் தடுக்கிறது. வாடை அடிக்கிறது என்பதற்காக ரோட்டோரம் கிடக்கிறவரைக் குடிகாரர் என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.

இரவில் சர்க்கரை இறங்குவதைக் காலையில் கண்டுபிடிக்கலாம். தலையணை ஈரமாக இருக்கும், தலை வலிக்கும், கெட்ட கனவு கண்டதாகச் சொல்வார்கள். இரண்டு நாள் இப்படி இருந்தால் அதிகாலை மூன்று மணிக்கு ஒரு தடவை சோதித்துப் பார்த்து, அந்த எண்ணை டாக்டரிடம் காட்ட வேண்டும். நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வியர்வை, நடுக்கம் என்ற முன்னறிவிப்பே வராமல் போகும். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் போன்ற மாத்திரை சாப்பிட்டால் படபடப்பு தெரியாது, வியர்வை மட்டும் தெரியலாம். அவர்களுக்கு வீட்டில் உள்ளவர்களின் கண்தான் கருவி.

நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியானாலும் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியானாலும், குளுக்கோஸ் ஏறியதும் பலர் சில நிமிஷங்களில் கண்ணைத் திறந்து, “வீட்டுக்குப் போலாம், நல்லாத்தானே இருக்கேன்” என்பார்கள். மகனும் ஆட்டோவைக் கூப்பிடுவார். அவசரப்படாதீர்கள். ‘கிளி’ வகை மாத்திரை இன்னும் உடம்பில் இருக்கிறது. ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும் அதே இரவில் சர்க்கரை மறுபடி இறங்கலாம். எந்த மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டது, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்ற மூன்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு நாள் முழுக்க அங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னால், மறு பேச்சில்லாமல் இருந்துவிட்டு வாருங்கள்.