செயற்படும் உரைகளின் மொழிபெயர்ப்பு: ஒப்பந்த நிரல்களை நிரல்மொழி மாற்றுதலில் எழும் பொருண்மைச் சிக்கல்கள்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி அமைந்த ரமணாசிரமத்தில் நிகழ்ந்த இரு மொழிச்செயல்கள் மொழிபெயர்ப்பியல் நோக்கில் கருதத்தக்கவை. முதலாவது, ரமணர் முப்பது பாடல்களில் தமிழில் இயற்றிய உபதேச உந்தியாரை அவரே தெலுங்கு, வடமொழி, மலையாளம் ஆகிய மொழிகளில் ஆக்கியது. இரண்டாவது, வெண்பாக்களால் அமைந்த உள்ளது நாற்பதை அவரே பின்னர்க் கலிவெண்பாவாக இணைத்தது. வெண்பாவின் ஈற்றடி முச்சீரால் முடிவது. அதை அடுத்த பாடலோடு தொடுக்க வேண்டுமெனில், குறைந்த இடம் நிரம்ப மூலத்தில் இல்லாத சொற்கள் வந்தே தீர வேண்டும். பொருள் மாறக்கூடாது, வடிவமோ புதுச்சொல்லைக் கேட்கிறது. இங்கு ஆசிரியரும் மாற்றுநரும் ஒருவரே ஆதலின், எச்சொல் பொருளைக் கெடுக்கும், எச்சொல் விளக்கும் என்பதைத் துணியும் உரிமை அவரிடமே இருந்தது.

அவ்வுரிமை இல்லாத ஒருவர், பொருள் சிறிது பிறழினும் பணமும் உடைமையும் இழப்பாகும் ஓர் உரையை வேறொரு மொழிக்கு மாற்ற நேரின் என்ன நிகழும்? கணினித்துறையில் ‘ஸ்மார்ட் கான்ட்ராக்ட்’ எனப்படும் ஒப்பந்த நிரல்களின் மொழிமாற்றம் இவ்வினாவையே எழுப்புகிறது. தொல்காப்பிய மரபியல் வழிநூல் வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்ப்பை வைத்தது. அப்பகுப்பைக் கொண்டு நோக்கத்தக்க புதிய உரைவகை இது.

கல்லும் கட்டச்சங்கிலியும்

ஒப்பந்த நிரல் என்னும் கருத்தை நிக் சாபோ 1990களில் முன்வைத்தார். 2015 ஜூலையில் எத்தீரியம் இயங்கத் தொடங்கியபின் அது பரவலான வழக்காயிற்று. நிபந்தனை நிறைவேறியதும் பொருளை உரியவருக்குத் தானே மாற்றிவிடும் நிரல் அது. கட்டச்சங்கிலி (பிளாக்செயின்) என்னும் பொதுப்பேரேட்டில் ஏற்றப்பட்டபின் அதன் எழுத்தைத் திருத்த இயலாது.

தமிழ் ஆய்வாளர்க்கு இவ்வியல்பு முற்றிலும் புதிதன்று. சோழர்காலக் கல்வெட்டுகளில் நந்தாவிளக்கொன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் விடப்படுவது பெருவழக்கு. அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. இறப்பனவற்றைப் பிறப்பன ஈடுசெய்ய, எண்ணிக்கை என்றும் நிலைபெறும். நாள்தோறும் உழக்கு நெய் வந்துகொண்டிருக்கும். மாறா எண், தொடரும் கடமை, சந்திராதித்தர் உள்ளவரை என்னும் காலவரம்பு ஆகிய மூன்றும் அவ்வாவணத்தில் உள்ளன. நிரலுக்கும் கல்லுக்கும் உள்ள வேறுபாடு, கல் தானே நெய் அளக்காது என்பதே.

திருத்த இயலாத ஆவணத்தையும் இடம்பெயர்க்கும் தேவை எழுந்ததுண்டு. திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, அங்கிருந்த கல்வெட்டுகள் முதலில் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டு, முதலாம் இராசேந்திரன் காலத்தில் புதிய கல்லில் மீண்டும் பொறிக்கப்பட்டன. ஒப்பந்த நிரல்களிலும் வழி இதுவே. பழைய நிரலைத் திருத்துவதில்லை. புதிய நிரலை வேறு முகவரியில் நிறுவி இருப்புகளை அதற்குக் கொண்டுசெல்கின்றனர்.

ஆகர் நிகழ்வு

நிரல்மொழியையே மாற்ற நேர்ந்ததற்குத் தெளிவான சான்று ஆகர் என்னும் திட்டம். அதன் நிரல்கள் முதலில் செர்பென்ட் என்னும் மொழியில் எழுதப்பட்டிருந்தன. 2017 ஜூலையில், அம்மொழியின் தொகுப்பியில், அதாவது மூலநிரலைப் பொறிக்குறிகளாக மாற்றும் மென்பொருளில், கடுமையான குறைகள் இருப்பது செப்பெலின் குழுவின் தணிக்கையில் வெளிப்பட்டது. 1 கோடியே 10 இலட்சம் வில்லைகளைக் கொண்ட அதன் ஒப்பந்தம் சாலிடிட்டி மொழியில் புதிதாக எழுதப்பட்டு, உரிமையாளர்களின் இருப்புகள் அங்கு மாற்றப்பட்டன.

இங்குப் பிழை ஆசிரியர் எழுதிய வாசகத்தில் மட்டும் தேடத்தக்கதன்று என்பது கருதத்தக்கது. மனிதர் படிக்கும் மூலநிரல் ஒன்று. எந்திரம் ஏற்பது அதன் பெயர்ப்பு. எனவே ஒவ்வோர் ஒப்பந்த நிரலும் பிறக்கும்போதே ஒருமுறை மொழிபெயர்க்கப்பட்டதாகும். 2023 ஜூலையில் வைப்பர் மொழித் தொகுப்பியின் சில பதிப்புகளில் மறுநுழைவுத் தடை செயலிழந்திருந்தமையால் கர்வ் தளத்தின் சில நிதித்தொகுப்புகள் களவாடப்பட்டன. வாசகத்தில் தடை எழுதப்பட்டிருந்தது. பெயர்ப்பில் அது காக்கவில்லை. ஏட்டில் இருந்தது அச்சில் விடுபட்டதை அறிந்த பதிப்பாசிரியர்க்கு இது விளக்க வேண்டாதது.

தொகையை விரித்தல்

சாலிடிட்டியிலிருந்து வைப்பருக்கு மாற்றும்போது முதலில் எதிர்ப்படுவது இலக்கணச் சிக்கல். சாலிடிட்டியில் ஒரு நிரல் மற்றொன்றின் பண்புகளை மரபுரிமையாகப் பெறலாம். பல செயல்களுக்குப் பொதுவான நிபந்தனையை ஒரே அடைமொழியாகச் சுருக்கி வைக்கலாம். படிப்பவர் ஏமாறக்கூடாது என்னும் நோக்கில் வைப்பர் இவ்விரண்டையும் விலக்கியது. தன்னைத்தானே அழைக்கும் செயல்களையும் எல்லையற்ற சுழற்சிகளையும் அது ஏற்பதில்லை. ஆகவே மாற்றுநர், தொகைநிலைத் தொடரில் மறைந்த உருபை விரிப்பதுபோல, சுருங்கியிருந்த நிபந்தனையை ஒவ்வொரு செயலிலும் விரித்தெழுத வேண்டும். ஓரிடத்தில் விரிக்கத் தவறினாலும் அக்கதவு எவர்க்கும் திறந்துவிடும்.

மூவ் போன்ற மொழிகளுக்கு மாற்றுவது இதனினும் அரிது. சாலிடிட்டியில் வில்லை என்பது பேரேட்டில் ஒருவர் பெயருக்கு எதிரே எழுதிய எண். மூவில் அது படியெடுக்கவும் கைவிடவும் இயலாததாக வரையறுக்கத்தக்க ஒரு பொருள். எண்ணைப் பொருளாக மாற்றுவது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பில் முடிவதன்று. அதை மறுஆக்கம் என்பதே பொருந்தும்.

பிழையா, கருத்தா?

மிக நுண்ணிய சிக்கல் எண்களில் உள்ளது. எட்டு இருமக்குறிகளால் ஆன இடத்தில் 255 வரையே எழுதலாம். அதனோடு ஒன்று கூட்டினால் பழைய சாலிடிட்டி, நிறைந்த மரக்கால் கவிழ்ந்ததுபோல, 0 என விடை தரும். 2018 ஏப்ரலில் பியூட்டிசெயின் வில்லையில் இத்தகைய வழிதலைப் பயன்படுத்தி அளவிறந்த வில்லைகளை ஒருவர் உருவாக்கிக்கொண்டார். 2020 டிசம்பரில் வெளிவந்த சாலிடிட்டி 0.8 பதிப்பு, வழிதல் நேரின் நடவடிக்கையையே நிறுத்திவிடுமாறு அமைந்தது, வைப்பரும் அவ்வாறே. எனவே பழைய நிரலை ஓர் எழுத்தும் மாற்றாமல் புதிய பதிப்புக்குக் கொண்டுசென்றாலும் அதன் நடத்தை மாறும்.

இம்மாற்றம் எப்போதும் நன்மையாகும் எனக் கொள்வதற்கில்லை. யூனிசுவாப்பின் இரண்டாம் பதிப்பு நேரத்தை 32 இருமக்குறிகளில் குறிக்கிறது. அவ்வெண் 2106 பிப்ரவரியில் நிறைந்து மீண்டும் 0 ஆகும். அதன் ஆசிரியர்கள் இதை அறிந்தே, வழிதல் இங்கு விரும்பப்படுகிறது என நிரலின் ஓரக்குறிப்பில் எழுதியுள்ளனர். கழித்தலில் நேரும் வழிதல் சரியான கால இடைவெளியையே தரும். இந்நிரலை வழிதலைத் தடுக்கும் மொழிக்கு அப்படியே பெயர்த்தால் 2106 வரை எக்குறையும் தெரியாது. அன்று கழித்தல் நின்றுபோகும். அதனோடு வாங்கல், விற்றல், வைப்பை மீட்டல் ஆகிய யாவும் நின்று, வைத்தவர் பொருள் உள்ளேயே முடங்கும்.

அரிய வடிவத்தைப் பிழையென மயங்கித் திருத்தும் ஏடெழுதுவோரைப் பாடத்திறனாய்வு நன்கறியும். ஓரக்குறிப்பை உரையின் பகுதியாகக் கருதாமல் நீக்கிவிடும் தானியங்கி மாற்றிகளும் அதே இடத்தில் நிற்கின்றன. இரு நிரல்களுக்கும் ஒரே உள்ளீடுகளைத் தந்து விளைவுகளை ஒப்பிடும் சோதனை இன்றியமையாதது. எனினும் எந்நாளின் உள்ளீட்டைத் தரவேண்டும் என்பதை அறிய மூலத்தின் கருத்தை அறிந்திருக்க வேண்டும். சந்திராதித்தர் உள்ளவரை என எழுதியவர்க்கு 2106 தொலைவான ஆண்டன்று.

தமிழ் வாசகத்திலிருந்து நிரலுக்கு

தமிழ்நாடு அரசு 2020இல் கட்டச்சங்கிலிக் கொள்கையை வெளியிட்டது. அரசு ஆவணங்கள் இம்முறைக்கு வருமாயின், முதல் மொழிமாற்றம் தமிழிலிருந்தே தொடங்கும். அங்குக் காலக்குறிப்பே பெருந்தடையாகலாம். சாலிடிட்டியில் நாள், வாரம் என்னும் அலகுகள் உண்டு. மிகுநாள் ஆண்டுகளால் குழப்பம் நேர்ந்தமையால் ஆண்டு என்னும் அலகு 0.5 பதிப்பில் நீக்கப்பட்டது. மாதம் என்பது இல்லை. தமிழ்ச் சூரியமாதமோ 29 நாள் முதல் 32 நாள் வரை வேறுபடும். திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் நடைபெறும் கிரிவலத்துக்கோ, கார்த்திகை மாதத்துக் கார்த்திகை நாளில் ஏற்றப்படும் தீபத்துக்கோ ஒருவர் அறக்கட்டளை எழுதினால், அந்நாள் எது என்பதை நிரல் தன் மொழிக்குள் கண்டறிய வழியில்லை. பஞ்சாங்கத்தை வெளியிலிருந்து ஒருவர் அறிவிக்க வேண்டும். வாக்கியம், திருக்கணிதம் என்னும் இருவகைப் பஞ்சாங்கங்களுள் எதன்படி அறிவிப்பது என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.